ஓடக்காரனிடம் கேட்ட கேள்வி

டன்வர்
செப்டம்பர் 20, 1874

அன்புள்ள கெசி,

உடம்பு இருக்கிறது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உன் முழங்கால் வலி எப்படி? மார்லோவில் கோர்ட் நடந்த நாட்களில் உன் கையால் தின்ற சோள ரொட்டியை நினைத்துக்கொண்டே இங்கே விடுதியில் பன்றிக் கொழுப்பில் மிதக்கும் மொச்சையை விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஊர் ஊராகப் போய்க் கோர்ட் நடத்துகிறவனுக்கு வழி முழுக்கச் சேறு. குதிரை இரண்டு இடத்தில் நின்றுவிட்டது. நான் அதட்டவில்லை. அதற்கும் வயதாகிவிட்டது, எனக்கும் வயதாகிவிட்டது, யார் யாரை அதட்டுவது? விடுதியில் கட்டில் பஞ்சம். நடுவில் நான், ஒரு பக்கம் அரசு வக்கீல், இன்னொரு பக்கம் எதிர்த்தரப்பு வக்கீல். காலையில் இருவரும் ஒருவர் குறட்டையை ஒருவர் குற்றம் சொல்லி என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். எனக்கு ஒரு குறட்டையும் கேட்கவில்லை, நன்றாகத் தூங்கினேன் என்றேன். "ஜட்ஜ் ஐயாவுக்கு மனசாட்சி சுத்தம், அதான்" என்றான் அரசு வக்கீல். காபி வாங்கிக் கொடுத்தான். நவம்பரில் தேர்தல் வருகிறதல்லவா, எல்லாருக்கும் என் மேல் பாசம் பொங்குகிறது.

அந்த ஓடக்காரன் ஜூபல் டாரன்டுக்குத் தூக்கு என்று சொல்லிவிட்டு வந்ததிலிருந்து முதுகு நிமிரவில்லை. மாட்டு வியாபாரியின் பிணம் அவன் துறைக்குக் கீழே கிடைத்தது, சேணம் அவன் கொட்டகையில் இருந்தது, ஜூரிகள் புகையிலையை ஒரு தடவை மென்று துப்புவதற்குள் முடிவுக்கு வந்துவிட்டார்கள். நான் செய்வதற்கு என்ன இருக்கிறது? இருந்தாலும் கெசி, பதினெட்டு வருஷமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்தும் அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்குப் பழகவில்லை. பழகினால் அன்றைக்கே விட்டுவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். பழகவும் இல்லை, விடவும் இல்லை.

கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்கு.

உன் அண்ணன்,
லெமுவேல் ஸ்ட்ராட்


மார்லோ
செப்டம்பர் 29, 1874

அன்புள்ள அண்ணா,

நான் சுகமாக இருக்கிறேன். முழங்கால் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீங்கள் கம்பளிச் சட்டையை இங்கேயே விட்டுப் போய்விட்டீர்கள். தபால் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன், போட்டுக்கொள்ளுங்கள். பெட்டியில் வைத்து அழகு பார்க்க வேண்டாம்.

பத்திரிகை ஆசிரியர் விட்கோம் நேற்று வீட்டுக்கு வந்தார். தேர்தலுக்கு முன்னால் உங்கள் வாழ்க்கை வரலாற்றை ஒரு பத்தி போடப் போகிறாராம். "அம்மா, ஜட்ஜ் மரக்குடிசையிலதானே பிறந்தார்?" என்றார். செங்கல் வீடு என்றேன். மனிதரின் முகம் வாடிவிட்டது. "செங்கலா? அது ஓட்டுக்கு ஆகாதே. சின்னச் செங்கல் வீடுன்னு போட்டுக்கட்டுமா?" என்று கேட்டார். மற்ற விவரங்களை நீங்களே எழுதி அனுப்புங்கள், நான் சொன்னால் உண்மையாகப் போய்விடும்.

உங்கள் பெருமை ஒன்றையும் சொன்னார். மாநிலத்தில் வேறு எந்த ஜட்ஜும் ஜூரிகளை இப்படிக் கவனிப்பதில்லையாம். சாட்சி மெதுவாகப் பேசினால் உடனே நீங்கள், "சத்தமா சொல்லுப்பா, ஜூரிக்குக் கேட்கலை" என்கிறீர்களாம். ஊரில் பையன்கள் கூட விளையாட்டில் அதைச் சொல்லுகிறார்கள். நான் சிரித்து வைத்தேன்.

அண்ணா, ஒன்று கேட்க வேண்டும். டாரன்டுக்குத் தண்டனை சொல்வதற்கு முன்னால் அவனிடம் ஒரு கேள்வி கேட்டீர்களே, "தண்டனை விதிக்கக்கூடாது என்பதற்கு நீ சொல்ல ஏதாவது இருக்கிறதா?" என்று. அதற்கு அவன் என்ன சொன்னான்? சும்மாதான் கேட்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் தங்கை,
கெசையா லோரிமர்


லிண்டன்
அக்டோபர் 9, 1874

அன்புள்ள கெசி,

கம்பளிச் சட்டை வந்தது. போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். சந்தேகமிருந்தால் விடுதிக்காரியைக் கேள்.

விட்கோமுக்கு இதைச் சொல்: கென்டக்கியில் பிறந்தான். தகப்பனார் போன பிறகு தங்கையைக் குதிரை முதுகில் வைத்துக்கொண்டு மிசோரி வந்தான். ஒரு வக்கீலிடம் சட்டம் படித்தான். படித்தது பாதி, அவர் வீட்டு அடுப்புக்கு விறகு பிளந்தது பாதி. முதல் வழக்கு ஒரு பன்றியைப் பற்றியது. பன்றி யாருடையது என்று தீர்ப்பாவதற்குள் அதைத் தின்றுவிட்டார்கள். அப்புறம் அரசு வக்கீல், அப்புறம் ஜட்ஜ். யுத்தத்தின்போது இரண்டு தரப்பும் அவனைச் சுட வந்தன. அதனால் நடுநிலையானவன் என்று பெயர் வாங்கினான். மனைவி இல்லை, பிள்ளை இல்லை, இருப்பது ஒரு தங்கை, அவளுக்கு வாய் ஜாஸ்தி. கடைசி வரியை விட்கோம் போடமாட்டார். போட்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

டாரன்டு ஒன்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஒன்றும் சொல்வதற்கில்லை என்று குமாஸ்தாவை எழுதிக்கொள்ளச் சொன்னேன். பெரும்பாலும் அப்படித்தான். இந்த மாநிலத்துச் சட்டம் உனக்குத் தெரியுமோ என்னவோ, குற்றம் சாட்டப்பட்டவன் சாட்சிக் கூண்டில் ஏறக்கூடாது. உயிர் தப்பிக்கப் பொய் சொல்லுவானாம், அதனால் அவன் பேச்சே வேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள். விசாரணை முழுக்க அவனைப் பற்றி ஊரே பேசும், அவன் மட்டும் வாயைத் திறக்கக்கூடாது. எல்லாம் முடிந்த பிறகு ஜட்ஜ் கேட்கிறான் பார், அந்த ஒரு கேள்விதான் அவனுக்குத் திறக்கும் ஒரே கதவு. அதற்குள் பாவம், பேச்சே மறந்துபோயிருக்கும். நான் மட்டும் அந்தக் கேள்வியை ஒரு தடவைகூடக் கேட்காமல் விட்டதில்லை. என் உத்தியோகத்தில் நான் பெருமைப்படுவதற்கு இருப்பது அது ஒன்றுதான்.

தூக்கு டிசம்பர் பதினெட்டு. அதை நினைத்து நீ ஏன் மனதைக் கெடுத்துக்கொள்கிறாய்? கெடுத்துக்கொள்ள எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

அன்புடன்,
லெமுவேல்


மார்லோ
அக்டோபர் 21, 1874

அன்புள்ள அண்ணா,

கடிதம் வந்து சில நாட்களாகிவிட்டன. தோட்டத்தில் வெட்டுக்கிளி விழுந்து முட்டைக்கோஸ் முழுவதும் போயிற்று. ஜன்னல் திரையைக்கூட விட்டுவைக்கவில்லை. அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்ததில் பதில் எழுதத் தாமதம். அப்படித்தான் வைத்துக்கொள்ளுங்கள்.

போன தடவை நீங்கள் இங்கே இருந்தபோது கெட்டிலில் தண்ணீர் கொதித்து மூடி தடதடவென்று ஆடியது. நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். "அண்ணா, அதை இறக்குங்கள்" என்று பின்னாலிருந்து மூன்று தரம் சொன்னேன். முன்னால் வந்து நின்று சொன்ன பிறகுதான், "ஏன் கத்துறே?" என்று எழுந்தீர்கள்.

சாமான் விற்க வருகிறவனிடம் காதுக்குழல் ஒன்று பார்த்தேன். மாட்டுக்கொம்பு மாதிரி இருக்கிறது, ஆனால் நன்றாகக் கேட்கிறதாம். மேயர் வீட்டுப் பாட்டியம்மா அதை வாங்கிய பிறகுதான் மருமகள்கள் தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொண்டாள். இப்போது அந்த வீட்டில் தினம் சண்டை. ஒன்று வாங்கி வைக்கட்டுமா?

கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள்,
கெசையா


பெல்மார்
அக்டோபர் 28, 1874

கெசி,

நான் நலமாக இருக்கிறேன். காதும் நலமாக இருக்கிறது.

இந்த மாதிரி விஷயத்தைக் காகிதத்தில் எழுதாதே. தபாலாபீஸில் யார் யார் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். கண் போன ஜட்ஜுக்குக் குமாஸ்தா படித்துக் காட்டுவான். கால் போனவனைத் தூக்கி வந்து உட்கார வைப்பார்கள். காது போனவன் ஒரு நாள்கூட நாற்காலியில் இருக்க முடியாது. தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கிறது. இந்தச் சேற்றிலும் மொச்சையிலும் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, ஒரு கெட்டில் மூடிக்காக வீட்டுக்குப் போக நான் தயாராக இல்லை. வேறு என்ன வேலை எனக்குத் தெரியும்?

கெட்டில் விஷயம், நான் பேப்பரில் ஆழ்ந்திருந்தேன்.

லெமுவேல்


மார்லோ
நவம்பர் 10, 1874

அன்புள்ள அண்ணா,

இன்னும் ஆறு வருஷத்துக்கு நீங்கள்தான் ஜட்ஜ் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. வாழ்த்துகள். கோர்ட் வாசலில் தீ மூட்டிக் குடித்து ஆடினார்கள். விட்கோம் என் வீட்டு வேலியின் மேல் ஏறி நின்று சொற்பொழிவு செய்ததில் வேலி சாய்ந்துவிட்டது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? வெற்றி பெற்ற களைப்பு தோற்ற களைப்பைவிட மோசம் என்று முன்னொரு தரம் சொன்னீர்கள்.

நேற்று ஒரு பெண் வந்தாள். டாரன்டின் மனைவி, பேர் மெலிசா. ஜெயிலில் அவனைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்புகிற வழியில் வந்தாளாம். சமையலறைக்குள் வரச் சொன்னேன், வரமாட்டேன் என்று கொல்லைக் கதவருகில் நின்றாள். அழவில்லை, உயிர்ப்பிச்சையும் கேட்கவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க ஜட்ஜ் ஐயாவோட தங்கச்சியாமே. ஒரே ஒண்ணு தெரிஞ்சுக்கணும்மா. என் வீட்டுக்காரர் அவ்வளவு சொன்னாரே, ஐயா ஏம்மா ஒரு பதிலும் சொல்லலை? பொய்யி, நம்பலைன்னாவது சொல்லியிருக்கலாம். அவர் பேசி முடிச்சதும் ஐயா குமாஸ்தா பக்கம் திரும்பி, 'ஒண்ணும் சொல்றதுக்கில்லைன்னு எழுதிக்கோ'ன்னாராம். அது எப்படிம்மா? பேசினவனை முன்னால வச்சுக்கிட்டே பேசலைன்னு எழுதச் சொன்னா, அவன் மனுஷன்தானான்னு அவனுக்கே சந்தேகம் வந்துடாதா? தூக்கைவிட அதுதான் அவரைத் தின்னுது."

ஒரு ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பினேன். வெட்கமாக இருந்தது. அவளுக்கு என்ன பதில் சொல்லட்டும், நீங்களே எழுதுங்கள்.

கெசையா


டன்வர்
நவம்பர் 15, 1874

கெசி,

அன்றைக்குக் கோர்ட்டில் நீ கணப்பு அடுப்புக்குப் பக்கத்து பெஞ்சில், அவனுக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தாய். செப்டம்பரில் நீ சும்மா கேட்கவில்லை.

அவன் என்ன சொன்னான்?

லெமுவேல்


மார்லோ
நவம்பர் 19, 1874

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதம் கிடைத்த கையோடு எழுதுகிறேன்.

நீங்கள் கேள்வி கேட்டபோது வக்கீல்கள் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஜூரிகள் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் பசி. அவன் தலையைக் குனிந்துகொண்டுதான் பேசினான். தாடி வேறு. இருந்தாலும் என் இடத்திலிருந்து எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. அவன் சொன்னது இது:

"ஐயா, அந்த ஆள் என் படகுல ஏறவே இல்லை. மேல் துறைல, ஹார்ன்பி படகுல போனான். அன்னைக்கு வெள்ளம். சேணம் மிதந்து வந்துச்சு, கொக்கி போட்டு இழுத்து வச்சேன். உடையவன் வந்தா கொடுக்கலாம்னுதான். என் வக்கீல்கிட்டச் சொன்னேன், அவரு போதையில இருந்தாரு. ஹார்ன்பியை யாரும் கேட்கலை. அவனை ஒரு வார்த்தை கேளுங்க ஐயா. அப்புறம் என்ன வேணாலும் பண்ணுங்க."

பக்கத்தில் நின்ற ஷெரீப்புக்கும் கேட்டிருக்கும். நேற்று அவரிடம் போய்க் கேட்டேன். "கேட்டுது அம்மா. தூக்குன்னா எல்லாரும் ஏதாவது சொல்லுவாங்க. ஜட்ஜுக்கும்தான் கேட்டிருக்கும், அவரே சும்மா இருந்தாரு, நான் யாரு?" என்றார்.

முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். நீங்கள் கேட்டுவிட்டு, பொய் என்று தள்ளிவிட்டீர்கள் என்று. பிறகு கெட்டில் ஞாபகம் வந்தது. அதனால்தான் கடிதத்தில் கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை என்று நீங்கள் எழுதினீர்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏன் அப்போதே சொல்லவில்லை என்றால், தேர்தல் முடியட்டும் என்று பார்த்தேன். அவன் சொன்னது பொய்யாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு மனிதன் பொய்யனாக இருக்க வேண்டும் என்று மண்டியிட்டு வேண்டியிருக்கிறேன் அண்ணா. என்னைத் தகப்பனாக இருந்து வளர்த்தவர் நீங்கள். உங்களிடமிருந்து அந்த நாற்காலியை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் கொல்லைக் கதவருகில் வந்து நின்றிருக்காவிட்டால் இன்னும் மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

டிசம்பர் பதினெட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது. கோர்ட் கலைந்துவிட்டது, இனி தீர்ப்பை உங்களால் மாற்ற முடியாது, கவர்னர்தான் மாற்ற முடியும் என்று ஷெரீப் சொன்னார். கவர்னரிடம் போய் என்ன காரணம் சொல்ல வேண்டியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் போங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் எழுதமாட்டேன்.

உங்கள் தங்கை,
கெசி


ஜெபர்சன் நகரம்
டிசம்பர் 11, 1874

அன்புள்ள கெசி,

மூன்று வாரமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. நீ பயந்திருப்பாய். உயிரோடு இருக்கிறேன், இருமல் மட்டும் இருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கும் கோர்ட் நடத்தினேன். மறுநாளும் நடத்தினேன். எல்லார் வாயையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வாய்கள் அசைகின்றன, கெசி. அவ்வளவுதான் எனக்குத் தெரிகிறது. மிச்சத்தை அனுபவத்தை வைத்து நிரப்பிக்கொள்கிறேன். மூன்றாம் நாள் ஒரு குதிரைத் திருட்டு வழக்கில் சாட்சி என்ன சொன்னார் என்று ஜூரி ஒருவர் என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உடம்பு சரியில்லை என்று கோர்ட்டை ஒத்திவைத்துவிட்டு மேல் துறைக்குப் போனேன்.

அங்கே போய்ச் சேருவதற்குள் ஒரு வாரம் காய்ச்சலில் ஒரு விவசாயியின் வீட்டில் கிடந்தேன். அதை விடு. ஹார்ன்பி கிழவன். பல் கிடையாது, வாய் அசைவதே தெரியவில்லை. படகில் நின்றுகொண்டு அவனிடம் மாட்டு வியாபாரியைப் பற்றிக் கேட்டேன். என்னவோ சொன்னான். "சத்தமா சொல்லு" என்றேன். மறுபடி என்னவோ சொன்னான். ஜூரிக்குக் கேட்கவில்லை என்று சொல்லுவதற்கு அங்கே ஜூரி இல்லை. ஆறும் அவனும் நானும்தான். எழுதிக் காட்டச் சொல்லலாம் என்றால் அவனுக்கு எழுத்துத் தெரியாது. கடைசியில் சொன்னேன், "எனக்குக் காது கேட்காதுப்பா. பக்கத்துல வந்து சொல்லு" என்று. வாழ்நாளில் முதல் தடவையாகச் சொன்னேன். சொல்லி முடித்ததும் படகுக் கயிறு கட்டும் கட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அவன் என் காதில் வாயை வைத்துக் கத்தினான். "என் படகுலதான் வந்தான். வெள்ளத்துல குதிரை மிரண்டு அவனையும் தள்ளிக்கிட்டு விழுந்துடுச்சு. படகு விளிம்புல தலை மோதிச்சு. எனக்குப் பயம். ஆனா யாரும் என்னைக் கேட்கலையே ஐயா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

யாரும் கேட்கவில்லை என்பதை அவன் குறையாகவே சொன்னான், தன்னை விருந்துக்கு அழைக்கவில்லை என்று சொல்லுவது போல. அவனைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மாஜிஸ்திரேட் முன்னால் சத்தியம் வாங்கி, அந்தக் காகிதத்தோடு ரயிலேறி இங்கே வந்தேன்.

கவர்னரின் செயலாளர் இளைஞன். காகிதத்தைப் படித்துவிட்டு, "இதைக் கைதி விசாரணையில் சொல்லவில்லையா?" என்று எழுதிக் கேட்டான். நான் என் காதைச் சுட்டிக் காட்டியிருந்தேன், அதனால் எழுதிக் கேட்டான். சொன்னான் என்று எழுதினேன். யாரிடம் என்று கேட்டான். என்னிடம் என்று எழுதினேன். பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தான். பிறகு மனுவில் காரணம் எழுதும் இடத்தில் நான் எழுதியது இது: "சட்டம் கேட்கச் சொன்ன கேள்வியை நான் கேட்டேன். அதற்கு வந்த பதில் எனக்குக் கேட்கவில்லை."

கவர்னர் தூக்கை நிறுத்தி மன்னிப்பில் கையெழுத்திட்டுவிட்டார். ஷெரீப்புக்குத் தந்தி போயிற்று. கையோடு என் ராஜினாமாவையும் கொடுத்துவிட்டேன். அவர் என் கையைப் பிடித்து ஏதோ நல்ல வார்த்தை சொன்னார். என்ன வார்த்தை என்று கேட்காதே.

மிகவும் அலுப்பாக இருக்கிறது கெசி.

லெமுவேல்


மார்லோ
டிசம்பர் 23, 1874

அன்புள்ள அண்ணா,

இருமலுக்குத் தேனும் வெங்காயச் சாறும் கலந்து குடியுங்கள், நாற்றம் பார்க்க வேண்டாம். உங்கள் கடிதத்தை நான் எத்தனை தரம் படித்தேன் என்று சொல்லமாட்டேன்.

ஜூபல் டாரன்டை வெளியே விட்டுவிட்டார்கள். ஜெயில் வாசலில் நானும் நின்றிருந்தேன். மெலிசா அவன் கையைப் பிடித்துக்கொண்டு நேராகத் தெருவில் இறங்கி நடந்தாள், யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டும்போது மட்டும் அவன் நின்றான். "ஐயாவுக்குக் காதுதான் கேட்கலையாம்மா? நான் சொன்னதை மதிக்கலைன்னு இல்லையே?" என்றான். இல்லை என்றேன். "அப்ப சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். நாலு மாதம் ஜெயிலில் இருந்தவனுக்கு அந்த ஒரு பதில் போதும் போலிருக்கிறது. எனக்குத்தான் வீட்டுக்கு வந்து சேரும்வரை அழுகை நிற்கவில்லை.

ஊர் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்காக என் வேலியைச் சாய்த்த விட்கோம்தான் "செவிடன் காதில் ஊதிய சங்கு" என்று பெரிய எழுத்தில் தலைப்புப் போட்டிருக்கிறார். மளிகைக் கடையில் நான் நுழைந்தால் எல்லாரும் சத்தமாகப் பேசுகிறார்கள், செவிடு எனக்கும் ஒட்டிக்கொண்டது போல. பையன்கள் ஜன்னலுக்கு வெளியே, "சத்தமா சொல்லு, ஜூரிக்குக் கேட்கலை" என்று கத்திவிட்டு ஓடுகிறார்கள். ஒருவனைப் பிடித்துக் காதைத் திருகி அனுப்பினேன்.

மேல்மாடி அறையைப் பெருக்கிக் கட்டிலைப் போட்டு வைத்திருக்கிறேன். ஒரே ஆளுக்கு ஒரு கட்டில், நடுவில் வக்கீல் கிடையாது. வந்துவிடுங்கள்.

உங்கள் தங்கை,
கெசி


டன்வர்
ஜனவரி 6, 1875

அன்புள்ள கெசி,

இருமல் குறைந்திருக்கிறது. வெங்காயச் சாற்றால் இல்லை, அதற்குப் பயந்து.

என் புத்தகங்களை எடுத்துப்போக வந்தேன். புதிய ஜட்ஜ் வந்துவிட்டார். முப்பத்தைந்து வயது இருக்கும், காது இரண்டும் கிண்ணம் மாதிரி. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். நல்ல மனிதர். அவர் என்னிடம் பேசும்போது வாயை அகலத் திறந்து, குழந்தைக்குச் சொல்வது போலப் பேசினார். எனக்குக் கோபம் வரவில்லை. கோபத்துக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

டாரன்டு உன்னிடம் கேட்டதை எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு நிம்மதியாக இருக்க வேண்டும். ஒரு நாள் இருந்தேன். அப்புறம் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது, போகமாட்டேன் என்கிறது.

போன வருஷம் வசந்தத்தில் மார்லோவில் ஈனோக் ராட் என்று ஒருவனுக்குத் தூக்கு விதித்தேன், உனக்கு ஞாபகம் இருக்கும். களஞ்சியத்துக்குத் தீ வைத்தவன், உள்ளே தூங்கிய கூலியாள் செத்துப்போனான். அவனிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அவன் உதடு அசைந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்தான், அதனால் பிரார்த்தனை செய்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். முடிக்கும்வரை காத்திருந்தேன், அதை ஒரு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். உதடு நின்றதும் தண்டனையைச் சொன்னேன். மே மாதம் அவனைத் தூக்கிலிட்டார்கள்.

அது பிரார்த்தனைதானா?

நீ எப்போதும் உட்காரும் இடம் அந்த அடுப்பு ஓரம்தான். அன்றைக்கு வந்திருந்தாயா? வந்திருந்தால் எழுது. வருகிற வாரம் புறப்படுகிறேன், ஆனால் இதை நேரில் கேட்க முடியாது. நேரில் நீ சொன்னால் எனக்குக் கேட்காது, கத்திச் சொன்னால் தெருவுக்கே கேட்கும்.

அன்புடன்,
லெமுவேல்


மார்லோ
ஜனவரி 11, 1875

அன்புள்ள அண்ணா,

நான் சௌக்கியம். இங்கே பனி முழங்கால் அளவு கிடக்கிறது. வண்டி பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும், அங்கிருந்து நடந்து வராதீர்கள். கொல்லனின் மகனைச் சறுக்கு வண்டியோடு அனுப்புகிறேன். புத்தகப் பெட்டிகள் பிறகு வந்தால் போதும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுத உட்கார்ந்து, எழுந்துபோய் அடுப்பில் விறகு போட்டுவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அன்றைக்கு நான் கோர்ட்டுக்கு வந்திருந்தேன். அதே இடத்தில்தான் இருந்தேன். டாரன்டு விஷயத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது தப்பு. அவன் உயிரோடு இருந்தான், சொன்னால் அவனுக்குப் பிரயோசனம் இருந்தது, அதனால் கடைசியில் சொன்னேன். ஈனோக் ராடைப் புதைத்த இடத்தில் போன கோடையில் புல் முளைத்துவிட்டது. நீங்களோ இன்னும் கொஞ்ச காலம் இருக்க வேண்டியவர், மாடியறையில் தூங்க வேண்டியவர்.

அவன் பிரார்த்தனைதான் செய்தான், அண்ணா. எந்தப் பிரார்த்தனை என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

உங்கள் தங்கை,
கெசி